கேட்டவன் கடன்

எங்கள் பாடசாலையில் படித்து வெளியேறிய ஒருவன் பகலில் வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்கிறான். இரவில் தனது வீட்டுப் பின்னறையில் பாட்டுச் செய்கிறான். பாட்டு எழுதுகிறான் என்று சொல்லாமல் செய்கிறான் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது, ஒலிப்பதிவு செய்வது, எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்குவது அத்தனையும் அவன்தான். பழைய மடிக்கணினி ஒன்று, காசு கொடுக்காமல் பெறக்கூடிய ஓடாசிட்டி என்ற மென்பொருள், ஒரு ஒலிவாங்கி, ஒரு சிறிய கீபோட், ஒரு ஹெட்போன். சீமெந்துச் சுவரில் குரல் பட்டுத் தெறிக்காமல் இருப்பதற்காக ஒரு பழைய மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருக்கிறான். இவ்வளவுதான் அவனது கலையகம்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் எங்களூரிலும் உண்டு. அதைத் தீர்த்து வைக்கும் தகுதி எனக்கில்லை. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. ஒருவன் தான் செய்ததை நம் கையில் தந்து 'எப்படி?' என்று கேட்கும்போது அவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே என் கேள்வி.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வி ஊரார் முன் வந்ததில்லை. வானொலியில் ஒரு குரல் ஒலிக்க வேண்டுமானால் குரல் தேர்வு என்ற ஒன்றைக் கடந்தாக வேண்டும். முஸ்லிம் சேவையில் நாங்கள் கேட்ட இஸ்லாமிய கீதங்களைப் பாடியவர்கள் யாரோ சிலரின் தீர்ப்புக்கு உட்பட்டு வந்தவர்கள். அந்தத் தீர்ப்பு எப்போதும் நியாயமானதாக இருந்ததா என்பது வேறு கதை. ஆனால் 'நல்லது, நல்லதல்ல' என்று சொல்லும் சுமை கொழும்பில் இருந்தது. இன்று ஒலிப்பதிவுக் கூடம் பின்னறைக்கு வந்துவிட்டது. தீர்ப்புச் சொல்பவர்கள் வரவில்லை. அந்த இடத்தில் இப்போது நண்பர்கள், உறவினர்கள், படிப்பித்த வாத்திமார் ஆகிய நாங்கள் நிற்கிறோம். நாங்கள் எப்படி நிற்கிறோம் என்பதை என்னை வைத்தே சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு அவன் தனது முதற் பாட்டை எனது தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். மௌத்தாகிவிட்ட தன் உம்மாவைப் பற்றிய பாட்டு. ஏழு நிமிடம் நீளமானது. தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம். ஆசிரியர் அறையின் இரைச்சலுக்குள் தொலைபேசியை மேசையில் வைத்து, இரண்டு நிமிடம் கேட்டிருப்பேன். அன்று பின்னேரம் சந்தியில் கண்டான்.

"சேர், எப்படி இரிக்கி?"

"மாஷா அல்லாஹ். நல்லா இரிக்கி மகன்."

அவனுடைய முகம் மலர்ந்ததைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சி. நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி எங்களூர் இளைஞர்கள் மைதானத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அவன் தன் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். கூம்பு ஒலிபெருக்கியில் அது போனது. ஒலிவாங்கிக்கு மிக நெருங்கி, ஒலியளவைக் கூட்டி வைத்துப் பாடியிருக்கிறான். கணினி ஒலியைப் பதியும்போது, இறுவட்டுத் தரத்தில், ஒரு விநாடியை 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் ஒலி வெட்டுப்பட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு ஒலியளவைக் குறைத்தாலும் மீட்க முடியாது. கரகரப்பாகவே கேட்கும். அவன் உருகி உருகிப் பாடிய இடங்களெல்லாம் அப்படிக் கரகரத்தன. குரலுக்கு அழகு சேர்ப்பதற்காக அவன் அள்ளிப் போட்டிருந்த செயற்கை எதிரொலி, மைதானத்தின் சொந்த எதிரொலியோடு சேர்ந்து சொற்களை விழுங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள். ஒருவன் அந்தக் கரகரப்பை வாயால் செய்து காட்டினான். தாயைப் பற்றிய பாட்டுக்கு ஒரு மகன் பெற்ற வரவேற்பு அது.

மறுநாள் என்னிடம் வந்தான். கோபப்படவில்லை. "நீங்க நல்லா இரிக்கி எண்டு செல்லித்தானே சேர் நான் குடுத்தன்" என்றான். அவ்வளவுதான்.

எனது பொய் சிறியது, நல்லெண்ணத்தில் சொன்னது என்று சமாதானம் தேட முயன்றேன். முடியவில்லை. முகத்துக்கு நேரே புகழ்வதை நமது மார்க்கம் எச்சரிப்பதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது. புகழப்பட்டவன் கர்வம் கொள்வான் என்பது மட்டுமல்ல, அந்தச் சொல்லை நம்பி மைதானத்துக்குப் போவான் என்பதும் அதில் அடங்கும்.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும் என்று வாசகர் நினைக்கலாம். அதன் மறுபக்கத்தையும் நான் அனுபவித்திருக்கிறேன்.

2003இல் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது ஒரு விழாவுக்காகப் பாட்டொன்று எழுதினேன். விரிவுரையாளர் ஒருவர் அதை வாங்கி, வகுப்பில் நாற்பது பேர் முன்னிலையில் வாசித்துவிட்டு, "இது பாட்டா, நேரசூசியா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்து முடிய நெடுநேரமாயிற்று. அதற்குப் பிறகு பதினொரு வருடங்கள் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கல்வி, ஒழுக்கம், உழைப்பு, ஒற்றுமை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறேனே தவிர, பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த உண்மையால் எனக்கு ஒரு பயனும் விளையவில்லை. எந்த வரி அப்படி, ஏன் அப்படி, எப்படி மாற்றலாம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். ஆயினும் நெடுநாள் யோசித்ததில் இரண்டும் ஒரே இனம் என்றே எனக்குப் படுகிறது. அவர் தன் சாதுரியத்தை வகுப்புக்குக் காட்டினார். நான் அன்பான ஆசிரியர் என்ற என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், திருத்த வேண்டிய விடைத்தாள்களுக்கான நேரத்தையும் மிச்சப்படுத்தினேன். இருவருமே எங்களைப் பற்றித்தான் பேசினோம். பாட்டை இருவரும் கேட்கவில்லை. 'உண்மையா, இரக்கமா?' என்று நாம் வழக்கமாகப் பிரித்து வைத்து விவாதிக்கிறோமே, அதற்கு முன்னால் 'கேட்டாயா?' என்ற ஒரு கேள்வி நிற்கிறது.

ஏன் கேட்க வேண்டும்? செய்தவனால் தன் பாட்டைக் கேட்க முடியாது என்பதனால். நூறு தடவை ஓடவிட்டுக் கேட்டிருப்பான். அதனாலேயே அவனால் முடியாது. சொற்கள் அவனுக்கு மனப்பாடம். ஆகவே சொல் விளங்குகிறதா என்பதை அவன் ஒருபோதும் அறிய மாட்டான். அடுத்து வரும் திருப்பம் தெரியும். ஆகவே அது திடுக்கிட வைக்கிறதா என்பதை அறிய மாட்டான். அவனிடம் இல்லாததும் நம்மிடம் இருப்பதும் ஒன்றே ஒன்றுதான்: முதல் தடவை கேட்கும் காது. அது நம்மிடமும் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. இரண்டாம் தடவை கேட்கும்போது நாமும் பாதி தெரிந்தவர்களாகிவிடுகிறோம். அந்த ஒரு தடவையை நம்மிடம் அவன் ஒப்படைக்கிறான். அது அமானிதம். அதை நான் விடைத்தாள்களுக்கிடையில் தொலைத்தேன்.

கேட்ட பிறகு என்ன சொல்வது? இங்கே ஒரு பொறியியற் செய்தி எனக்கு உதவியது. ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் 'கூ'வென்று ஊளையிடுவதை நாம் எல்லா மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். வெளியே போன ஒலி உள்ளே திரும்பி, பெருகி, மீண்டும் திரும்பிப் பெருகுவதால் வருவது அது. பின்னூட்டம் என்பார்கள். நாம் ஒருவருக்கொருவர் சொல்லும் அபிப்பிராயத்துக்கும் அதே பெயர்தான். 1927இல் ஹரல்ட் பிளாக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதைத் தலைகீழாக்கினார். வெளியே போகும் ஒலியில் ஒரு சிறு பங்கை எடுத்து, எதிர்த்திசையில் திருப்பி உள்ளே கொடுத்தார். பெருக்கத்தின் அளவு குறைந்தது. ஆனால் ஒலியின் சிதைவு பெருமளவு நீங்கியது. தொலைபேசித் துறையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கிய கண்டுபிடிப்பு அது. புகழை மட்டும் திருப்பி ஊட்டினால் மனிதனும் ஊளையிடத் தொடங்குகிறான். எதிர்ச்சொல்லை அளவோடு கொடுத்தால் சத்தம் சற்றுக் குறையும், தெளிவு கூடும். எதிர்ச்சொல்லை மட்டுமே கொட்டினால் மனிதன் ஊமையாகிப் போவான். என் பதினொரு வருட மௌனம் அந்த வகை.

அந்த அளவை எப்படி அறிவது? 'எப்படி இரிக்கி?' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக நான் இப்போது நினைக்கிறேன். முதலாவது, 'கேட்டீர்களா?' இதற்குப் பொய் சொல்ல எந்த நியாயமும் இல்லை. கேட்கவில்லையென்றால் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லலாம். இரண்டாவது, 'உங்களுக்கு வந்து சேர்ந்தது என்ன?' இதற்கு உண்மையைச் சொல்வதில் எந்தக் குரூரமும் இல்லை. இரண்டாம் சரணத்தில் மூன்று சொற்கள் எனக்கு விளங்கவில்லை என்பது அவனைப் பற்றிய தீர்ப்பு அல்ல. என் காதைப் பற்றிய செய்தி. மூன்றாவது, 'நான் இதற்குத் தகுதியானவனா?' இதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இருப்பதாக நான் நம்பவில்லை. விரிவுரையாளர் இந்த மூன்றாவதற்குத்தான் விடை சொன்னார். நானும் அதற்குத்தான் 'ஆம்' என்றேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில மாதங்களின் பின், கடன் வாங்கி விலை கூடிய ஒலிவாங்கி ஒன்று எடுக்கப் போவதாக அவன் சொன்னான். அப்போது நான் சும்மா இருக்கவில்லை. உன் குறை ஒலிவாங்கியில் இல்லை, ஒலியளவிலும் அறையிலும் இருக்கிறது, கடன் வேண்டாம் என்றேன். ஒருவன் காசையோ மானத்தையோ பணயம் வைக்கும் இடத்தில் நமது மௌனமும் பொய்தான்.

சொல்வதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். பெறுவதைப் பற்றி எழுதாவிட்டால் இக்கட்டுரை ஓர் ஆசிரியரின் உபதேசமாக மட்டுமே எஞ்சும்.

ஒரு நாள் என் கவிதையொன்றைப் பதிவு செய்து தருகிறேன் என்று கூப்பிட்டான். மெத்தைக்கு முன்னால் நின்று வாசித்தேன். ஹெட்போனில் போட்டுக் காட்டினான். மெலிந்த, மூக்கால் பேசும் ஒரு குரல்.

"இது என்ட குரல் இல்லையே" என்றேன்.

அவன் சிரித்தான். "எங்களுக்கு இதுதான் சேர் உங்கட குரல். வகுப்பில இதத்தான் கேட்டம்."

அவன் சொன்னது விஞ்ஞானம். நம் குரல் நமக்கு மட்டும் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளைக் கூட்டித் தருவதால் நமக்கு நாம் கனத்த குரலுடையவர்களாகத் தோன்றுகிறோம். உலகம் ஒருபோதும் கேட்டிராத ஒரு குரலை நம்முடையது என்று நம்பி வாழ்கிறோம்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். "சேர், ஒவ்வொரு வசனத்திலயும் கடைசிச் சொல்ல விழுங்குறீங்க. பள்ளிக்கூடத்திலயும் அப்படித்தான். பின்வாங்கில இருந்த நாங்க பக்கத்தில உள்ளவனப் பாத்துத்தான் எழுதுவம்."

என் வாய் உடனே திறந்தது. தொண்டை நோவு, வகுப்பில் பிள்ளைகள் கூடுதல், பக்கத்து வகுப்பின் இரைச்சல் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் உண்மைக் காரணங்கள். ஆனால் ஒரு பாட்டோடு அதன் விளக்கத்தையும் அனுப்ப முடியாதல்லவா? கேட்பவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் செய்தவன் போய் உட்கார்ந்து நியாயம் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. வசனத்தின் கடைசிச் சொல்லில்தானே தமிழில் வினை இருக்கிறது? வந்ததா வரவில்லையா, ஆமா இல்லையா என்பதே அங்குதான் தெரிகிறது. பின்வாங்குப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடங்களாக நான் வினையில்லாத பாடம் நடத்தியிருக்கிறேன்! சக ஆசிரியர் யாரும் இதைச் சொல்லவில்லை. என் மீதுள்ள அன்பினால்தான் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

உம்மாவைப் பற்றிய அந்தப் பாட்டை அவன் பின்னர் புதிதாகப் பதிவு செய்தான். எதிரொலியைக் குறைத்திருந்தான். ஏழு நிமிடம் நாலாகியிருந்தது. விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு, ஹெட்போனோடு தனியே இருந்து கேட்டேன். எல்லாச் சொற்களும் விளங்கின. விளங்கிய இடங்களில் கண் கலங்கியது. அதை அவனிடம் சொன்னேன். மெட்டு மட்டும் எங்கேயோ கேட்ட மெட்டுப் போலவே எனக்குப் படுகிறது. அதை இன்னும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கேட்காததனால்தான் நான் சொல்லாமல் இருக்கிறேனா, அல்லது அன்று சந்தியில் கண்ட அந்த மலர்ந்த முகத்தை மறுபடியும் காண ஆசைப்படுகிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.