ஊன்றிய திருவடியும் தெருமுனைக் கேமராவும்

2019 ஆகஸ்ட் மாதம் கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில், தோட்டத்து வீட்டில் தனியே வாழ்ந்த முதிய தம்பதியர் மீது முகமூடி அணிந்த இருவர் அரிவாளோடு பாய்ந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்கினான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி, கையில் அகப்பட்ட செருப்பையும் நாற்காலியையும் அவர்கள் மீது வீசினார். பிடி தளர்ந்ததும் பெரியவரும் எழுந்து நாற்காலியைத் தூக்கினார். இருவருமாக அடித்தே துரத்திவிட்டார்கள். வீட்டுக் கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அந்த வாரமே சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீர விருது வழங்கியது. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு கேமரா வேண்டும் என்று வாதிடுகிறவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சியம் கிடைக்காது. ஆனால் அந்தக் காட்சியைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கேமரா அங்கே கொள்ளையரைத் தடுக்கவில்லை. தடுத்தவை நான்கு முதிய கைகள். நடந்ததைப் பின்னால் மறுக்க முடியாதபடி செய்தது மட்டுமே கேமராவின் பங்கு. காப்பது ஒரு வேலை, சாட்சி சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் இந்த விவாதத்தின் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

தாமிரபரணிக் கரையில் பாதுகாப்புக்கான தேவை உண்மையானது. அதை லேசாக எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெற்றோர் மட்டும் மிஞ்சிய வீடுகள் அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எந்த ஊரிலும் உண்டு. கோயில்களுக்கும் இதே நிலைதான். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 2019இல்தான் ஊர் திரும்பினார். முப்பத்தேழு ஆண்டுகள்! அதே சமயம், கேமராவின் ஆற்றலை அளவோடு மதிப்பிடவும் வேண்டும். பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சுமார் 13 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. வண்டித் திருட்டைக் குறைக்கும் கருவி, ஆத்திரத்தில் ஓங்கிய அரிவாளை நிறுத்துவதில்லை.

இதற்கு மேல் எழும் வாதம் குற்றவியலைச் சேர்ந்ததல்ல, சமயத்தைச் சேர்ந்தது. கடவுள் எப்படியும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நல்லவன் மறைக்க என்ன இருக்கிறது? சென்னைக் காவல்துறை தன் கேமராத் திட்டத்துக்கு ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டபோது, இந்த உணர்வைத்தான் தொட்டது. பெயர் மக்கள் மனத்தில் சட்டென்று ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. இறைவனின் பார்வைக்குப் பழகிய ஒரு சமூகம், கம்பத்தின் மேலிருந்து பார்க்கும் கண்ணையும் அதே பணிவோடு ஏற்றுக்கொள்கிறது. நெல்லையின் சமய மரபு இந்த வாதத்தை உண்மையிலேயே ஆதரிக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நெல்லையப்பர் கோயிலுக்குள் போய்ப் பார்ப்போம். அலங்காரம் நடக்கும்போதும் நைவேத்தியம் ஆகும்போதும் சந்நிதியில் திரை விழுகிறது. இரவில் சுவாமி பள்ளியறைக்குப் போனபின் கதவு சாத்தப்படுகிறது. எவ்வளவு பெரிய பக்தரும் திரை விலகும்வரை வெளியே காத்திருக்கிறார். திரைக்குப் பின்னால் ஏதோ தவறு நடக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. உண்பது, உடுத்துவது, உறங்குவது ஆகியவை பிறர் கண்ணுக்கு உரியவை அல்ல என்ற மரியாதையைக் கடவுளுக்கே கொடுத்துவைத்திருக்கும் மரபு இது. மறைவாக இருப்பதெல்லாம் குற்றம் என்ற எண்ணத்துக்கு இந்த மரபில் இடமே இல்லை. அதே கோயிலில் தாமிர சபை இருக்கிறது, நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. அந்தத் திருவுருவத்தில் சைவ சித்தாந்தம் ஐந்தொழில்களைக் காண்கிறது. உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். காத்தலும் மறைத்தலும் ஒரே உருவத்தில், ஒரே ஆட்டத்தில் இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடும் நடராஜர் எங்கும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. சித்தாந்தம் சொல்லும் மறைத்தல் வேறு, வீட்டு வாசலின் மறைவு வேறு; அங்கே மறைக்கப்படுவது உயிரின் பார்வையிலிருந்து உண்மை, இங்கே மறைய விரும்புவது அண்டை வீட்டார் பார்வையிலிருந்து ஒரு மனிதர். சரிதான். ஆனால் மறைத்தலை ஏன் அருளின் ஒரு வடிவமாகவே சித்தாந்திகள் எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். முழு வெளிச்சத்தையும் ஒரே நேரத்தில் தாங்கும் நிலையில் உயிர் இல்லை. அனுபவித்து, தவறி, திருந்தி, மெல்ல மெல்ல மலம் என்னும் அழுக்கு பக்குவப்படுவதற்கு அதற்கு அவகாசம் தேவை. அந்த அவகாசத்தைத் தருவது மறைப்பு. கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு அரைமணி நேரத்தில் மனம் இளகுகிற கணவன் மனைவிக்கும், படிப்பில் தோற்று வெட்கத்தோடு பின்வாசல் வழியாக வீடு திரும்பும் பையனுக்கும், கடன் கேட்கத் தயங்கித் தயங்கி உறவினர் வீட்டுப் படியேறும் மனிதருக்கும் அதே அவகாசம்தான் தேவைப்படுகிறது. திருந்துவதற்கு முன்பே எல்லாம் பதிவாகிவிட்டால், திருந்துவதில் பாதி, தம்மைப் பற்றிப் பிறரிடம் விளக்கம் சொல்வதாகவே மாறிவிடும்.

‘கடவுள் பார்க்கிறாரே’ என்ற வாதத்துக்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது. கடவுள் பார்ப்பதாக நம்புகிறவர், அவர் முன்னும் பின்னும் உள்ளும் அறிந்து பார்ப்பதாக நம்புகிறார். மன்னிக்கக்கூடியவர் பார்ப்பதாக நம்புகிறார். ஊர்ப்பகையில் அவருக்குக் கட்சி கிடையாது. பார்த்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரும் அல்லர். கேமராவுக்குப் பின்னால் இருப்பவரோ அதே தெருக்காரர். அவருக்குச் சாதி உண்டு, வரப்புத் தகராறு உண்டு, பேசாமல் விட்ட சம்பந்தி வீடு உண்டு. திண்ணைக் கிழவிகள் அந்தக் காலத்திலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்பார்கள். பார்த்தார்கள். ஆனால் பார்க்கிறவரைப் பதிலுக்குப் பார்க்க முடிந்தது, ‘என்ன ஆச்சி, இப்படிப் பார்க்கிய?’ என்று கேட்க முடிந்தது, அவர்கள் மறக்கவும் செய்தார்கள்.

நெல்லைச் சீமையில் யார் யாரோடு நடந்தார்கள் என்ற தகவல் சில நேரங்களில் உயிரை வாங்கும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கேடிசி நகரில், சாதி கடந்து காதலித்த இளம் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் காதலித்த பெண்ணின் சகோதரர் கைதானார். இப்படிப்பட்ட மண்ணில், ஒரு தெருமுனைப் பதிவு யார் கைக்குப் போகும் என்பது தொழில்நுட்ப விவரமாக இருக்க முடியாது. இதே பள்ளத்தாக்கின் தலைமாட்டில், காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைத்துக் கும்பிடுகிறார்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் நாயகன் அவர். பூணூலைக் களைந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாட்டைக் கள்வரிடமிருந்து காக்கும் சண்டையில் உயிர்விட்டவர். ஊர்க்கண் எவரைக் குற்றவாளியாகக் குறித்துவைத்திருக்குமோ, அவரையே காவல் தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அவர் செய்த காவலில் தன் உடம்பையே ஈடு வைத்தார். அந்த அம்சத்துக்குத் திரும்ப வருகிறேன்.

அதற்கு முன், எல்லா மறுப்புகளிலும் கனமானதைச் சொல்லியாக வேண்டும். அந்தரங்கம் பேசுவது வசதி படைத்தோரின் சுகம். அடிபடுகிற எளியவருக்குக் கேமராவே துணை என்பது அந்த மறுப்பு. இதற்குச் சாத்தான்குளத்தைத் தாண்டிய சான்று தேவையில்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். கடையருகே தகராறு செய்து தரையில் புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவில் அப்படி எதுவுமே இல்லை. அதே ஊரில், காவல் நிலையத்துக்குள் இருந்த கேமராவின் கதை நேர்மாறானது. சேமிக்கப் போதிய இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு, காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே எளியவருக்குக் கேமரா துணை என்பது உண்மைதான். ஆனால் அது துணையாவது அதிகாரம் உள்ளவரை நோக்கித் திரும்பியிருக்கும்போதுதான். லாக்கப் அறையின் பதிவு நீண்டநாள் நிலைக்க வேண்டும், வீட்டு வாசல்களின் பதிவு சில நாட்களில் அழிய வேண்டும் என்பது என் வாதம். சாத்தான்குளம் நிலையத்தில் இருந்தது இதன் தலைகீழ்.

காவலுக்கும் ஈட்டுக்கும் உள்ள உறவு இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பாளையக்காரர் காலத்தில் தலக்காவல், திசைக்காவல் என்று ஊர்கள் காவல்காரருக்குக் கூலி கொடுத்தன. கூலி வாங்கியவருக்கு ஒரு கடமை இருந்தது: களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். அந்தக் கடமை உயிரோடு இருந்தவரை அது காவல். கடமை தளர்ந்து கூலி மட்டும் மிஞ்சியபோது, மாட்டை ஓட்டிப் போனவனுக்கே துப்புக்கூலி கொடுத்து மீட்கும் நிலை வந்தது, காவல் கொள்ளையாயிற்று. அந்தப் பழைய ஏற்பாட்டின் நல்ல பாதியை நம் புதிய சட்டம் கைவிட்டிருக்கிறது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து வந்த 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அந்தப் பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. பதிவு கசிந்து மானம் போனவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இழப்பீடு கேட்க இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கச் சொல்கிறது. தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்யும் பதிவு இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அரசும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக் கேமரா உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சிவில் வழக்குத்தான் வழி. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்தவர்களுக்குள் இப்படி எழுந்த வழக்கில், சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா வைப்பது அந்தரங்க மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. எத்தனை பேரால் அவ்வளவு தூரம் போக முடியும்?

அதனால் டெல்லியிலிருந்து நல்ல சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காவல் தெய்வம் நிற்பது ஊர் எல்லையில். யார் வீட்டு அடுக்களையையும் பார்த்து அது நிற்பதில்லை. கேமராவும் ஊர் நுழைவாயில், நாற்சந்தி, கோயில் மதில், பேருந்து நிறுத்தம் என்று பொது இடங்களைப் பார்த்து நிற்கட்டும். தோட்டத்து வீட்டுப் பெரியவர்கள் தங்கள் வாசலுக்கு வைப்பதை யாரும் தடுக்க வேண்டாம்; கோணம் அவர்கள் வேலியைத் தாண்டாதிருந்தால் போதும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, நகரங்களில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு போலவே இதையும் அங்கே பொருளாக வைத்துப் பேசலாம். கம்பம் எந்தத் தெருவில், எந்தத் திசை நோக்கி, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் எழுதிக் கேட்டால் எடுத்துக் காட்டப்படும், பார்த்தவர் பெயர் எந்தப் புத்தகத்தில் ஏறும் என்று தீர்மானத்தில் எழுதலாம். இவற்றிலெல்லாம் உடன்பாடு காண்பது கடினமாக இராது. கடைசிக் கேள்வியில்தான் சபை இழுபடும்: பதிவு கசிந்து ஒரு குடும்பத்துக்குக் கேடு வந்தால் ஈடு தரவேண்டியவர் யார், கேமராவுக்கு நன்கொடை கொடுத்த கடைக்காரரா, பதிவை வைத்திருக்கும் காவல் நிலையமா, கருவியைப் பராமரிக்கும் நிறுவனமா? அதற்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் எழுதப்படும்வரை கம்பம் நடக் குழி தோண்ட ஊர் சம்மதிக்கக் கூடாது.