ஐந்தாமவர்

மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டினார். இந்நான்கிலும் அடங்காத ஐந்தாமவர் ஒருவர் இன்று கைப்பேசித் திரையில் தோன்றியிருக்கிறார். அவர் நோயாளியைக் கண்டதில்லை, நாடி பிடித்ததுமில்லை. பார்ப்போர் தொகை பெருகப் பெருக அவருக்கு விளம்பர வருவாய் வளர்கிறது. மருத்துவமனை என்றாலே அஞ்சும்படி பேசிவிட்டு, அந்த அச்சம் ஆறுமுன் தமது பொடியையும் எண்ணெயையும் பயிற்சி வகுப்பையும் விற்கிறார்.

2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருப்பூரில், யூடியூபைத் துணைக்கொண்டு வீட்டிலேயே மகப்பேறு பார்க்க முனைந்ததில் ஓர் ஆசிரியை குருதிப்பெருக்கால் உயிர்நீத்தார். கைதானவர் கணவர். அடுத்த திங்களில், வீட்டுப் பிரசவப் பயிற்சிக்கு விளம்பரம் செய்ததற்காக ஹீலர் பாஸ்கர் என்பவர் கோவையில் கைது செய்யப்பட்டார்; அது வேறு வழக்கு. திருப்பூரில் நம்பியவர் மனைவியை இழந்தார். அக்காணொளிகளுக்கோ பார்வையாளர் கணக்கில் ஒன்று கூடிற்று!

சட்டம் இல்லாமலில்லை. பொய்யான மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 1954லேயே சட்டம் இயற்றினோம். பதஞ்சலி வழக்கில் 2024 மே 7 அன்று உச்சநீதிமன்றம், தவறான விளம்பரத்தில் தோன்றும் புகழாளரும் சமப் பொறுப்பினர் என்றது. நன்று. ஆனால் விளம்பரம் என்ற பெயரே இன்றி, அறிவுரையாக வருவதை எதில் அடக்குவது?

புனேயில் வாழும் நம்மிடம் இவ்வாணிகம் எளிதில் செல்லுபடியாவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. நாள் முழுதும் மராத்தியும் இந்தியும் கேட்டு வீடு திரும்பும் செவிக்கு, தமிழில் பேசும் எக்குரலும் உறவாகவே ஒலிக்கிறது. கோவிஷீல்டு தடுப்பூசி தயாரானது இந்நகரின் சீரம் நிறுவனத்தில். அதைப் பற்றிய அச்சமோ ஊரிலிருந்து கைப்பேசி வழியே நம்மை வந்தடைந்தது. மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை சட்டைப்பையில் இருந்தும் என்ன பயன்?

அனுப்புகிற அத்தைக்கு இதில் காசு கிட்டுவதில்லை. அவர் வள்ளுவர் சொன்ன நான்காமவர், பேணும் கையினர். அவரது அன்பு கூலியின்றிச் சுமக்கிறது, ஊதியம் ஐந்தாமவருக்கு. அத்தையைக் குற்றவாளி என்போமா? என்னோம். அவர் தம்மளவில் நம்பியதையே அனுப்புகிறார் என்பதுதான் நமக்குக் கவலை. இன்சுலினை நிறுத்தச் சொல்லும் காணொளி அவரிடமிருந்து வருமாயின், அதன் மெய்பொய்யை வாதிடுவது பிறகாகட்டும். அவரும் நெடுநாளாய் ஊசி போட்டுக்கொள்பவர், அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, "ஊசியை நிறுத்திவிடவில்லையே, அத்தை?" என்று கேட்க வேண்டும்.