எட்டாவது கேள்வி

மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்கள். ஒண்ணுக்குப் போவதில் உள்ள சங்கடத்தை மட்டும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தெரிந்துவிடும். பெங்களூருக்குப் பஸ் வேண்டாம், ரயில்தான் என்று ஒருவர் பிடிவாதம் பிடிப்பார். இன்னொருவர் தசரா ஊர்வலத்தை இப்போதெல்லாம் டிவியிலேயே பார்க்கிறார், கூட்டம் ஆகாதாம். நானும் அந்த வயதுக்காரன்தான், எனக்கா தெரியாது?

துருவிக் கேட்டால் ஒரே பதில்: "வயசானா அப்படித்தான் சார்."

பாதி உண்மை. மூத்திரப்பைக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வயதோடு பெரிதாகிறது. ஐம்பதுகளில் சுமார் பாதிப் பேருக்கு, எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு. இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால் வீக்கம் இயல்பு என்பதால் அவஸ்தையும் இயல்பாகிவிடுமா? கண்ணில் புரை வந்தால் வயசுதானே என்று யாரும் தடவிக்கொண்டு நடப்பதில்லை. இதற்கு மட்டும் பயணத்தை, கல்யாண வீட்டை, தூக்கத்தை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறோம்.

யூராலஜி டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். தாரை மெலிந்ததா, விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள் என்று ஏழு கேள்விகள். எட்டாவதுதான் எனக்குப் பிடித்தது: மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்? மருத்துவம் இவ்வளவு நேராகக் கேட்பது அபூர்வம். என் நண்பர் அதில் 'பரவாயில்லை' என்று குறிக்கப் போனார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பேனாவைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி நீங்க எழுந்தா நானும்தான் முழிச்சிண்டு படுத்திருக்கேன். எங்கே வழுக்கி விழுவேளோன்னு. என்னையும் கேக்கச் சொல்லுங்கோ."

ராத்திரி எழுவதற்கெல்லாம் ப்ராஸ்டேட்டே காரணம் என்றும் சொல்ல முடியாது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்தபின் ரத்தத்தில் கலந்து இறங்கும். கட்டுப்படாத சர்க்கரை, குறட்டையோடு வரும் மூச்சுத்திணறல், மாலையில் போடும் நீர் மாத்திரை ஆகியவையும் எழுப்பும். எப்போது, எவ்வளவு போனது என்று மூன்று நாள் அளந்து எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ப்ராஸ்டேட்டுக்கான மருந்தின் கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசில் ஒரு நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்களைப் பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அவர்களுக்கு ப்ராஸ்டேட் வளராமல் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம்போல் எடுத்துக்கொள்ளும், பொறுமை வேண்டும். டாம்சுலோசின் என்ற இன்னொரு மருந்து சில நாளிலேயே தசையைத் தளர்த்தி வழிவிடும். ஆனால் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். மாத்திரைக்கு அடங்காவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் நீர்வழியாகவே கருவியை விட்டுச் செய்யும் ஆபரேஷன் இருக்கிறது.

சளிக்கென்று மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் மட்டும் இந்த வயதில் வேண்டாம். சில சளி மாத்திரைகள் நீரை அடியோடு அடைத்துவிடும். அப்படி அடைத்தால் பார்லித் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ட்யூப் போட்டு இறக்கினால்தான் உயிர் திரும்பும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும், வலியே இல்லாவிட்டாலும்.