தானத்தில் விதி

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் தானத்தைப் பற்றிக் கூறுமிடத்து, ஒரு தானம் மற்றொன்றினும் சிறந்து நிற்பதற்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறார். விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்பன அவை. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்று இவற்றைத் தமிழில் சொல்லலாம். இவற்றுள் பொருளைப் பற்றியும் பெறுபவரின் தகுதியைப் பற்றியும் நாம் நிறையவே பேசுகிறோம். கொடுப்பவரைப் பற்றிப் பேசவே வேண்டுவதில்லை. அவர் பெயர் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கும். ஆனால் ஆசாரியர் முதலில் வைத்தது விதியை. உரைகாரர்கள் இச்சொல்லை முனிவரை எதிர்கொண்டழைத்தல், உயர்ந்த ஆசனத்தில் இருத்தல், திருவடி விளக்குதல் முதலிய உபசாரங்களாக விளக்குவர். பாத்திர தானத்துக்கு இது பொருந்தும். தெருவோரத்தில் குளிரால் நடுங்கிக் கிடக்கும் ஓர் ஏழைக்குக் கருணையினால் கொடுக்கிறோமே, அதற்கு விதி உண்டா? உண்டெனில் அது யாது?

இவ்வினா வேறெங்கும் எழுவதைவிடத் தலைநகராம் தில்லியில் கூர்மையாக எழுகிறது. சம்மேத சிகரத்துக்கோ அத்தினாபுரத்துக்கோ யாத்திரை செல்லும் நம்மவர் பலர் தில்லி வழியாகச் செல்பவர்களே. வந்தவாசி, ஆரணிப் பக்கத்து மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொள்ளும் நமக்கு, இரவு வெப்பநிலை சர்வசாதாரணமாக 7 அல்லது 8 பாகைக்கு இறங்கும் அந்நகரத்துத் தை மாதம் அச்சம் தரும். சமவெளிப் பகுதியில் அது 4 பாகையையோ அதற்குக் கீழோ தொட்டால் வானிலைத் துறையினர் அதனைக் குளிர் அலை என்பர். அவ்விரவிலும் மேம்பாலத்தின் அடியிலும், நடைபாதையிலும், சாலை நடுத்திட்டிலும் மனிதர் உறங்குகின்றனர். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, அதாவது ஏறத்தாழக் கார்த்திகைப் பிறப்பிலிருந்து பங்குனிப் பிறப்பு வரை, அரசின் குளிர்காலத் திட்டம் நடைபெறுகிறது. நிலையான இரவுத் தங்குமிடங்களோடு கூடாரங்களும் எழுப்பப்படுகின்றன. குருத்துவாராக்கள், ஆலயங்கள், வணிகர் சங்கங்கள், மாணவர் குழுக்கள் எனப் பலரும் தேநீரும் போர்வையும் வழங்குகின்றனர். ஈகைக் குணத்தில் அந்நகரம் குறைந்ததன்று.

ஆயினும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரே விதமான செய்தி நாளிதழில் வருகிறது. கதவு உட்புறம் தாழிட்டிருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே உறங்கியவர் உறங்கியபடியே இறந்து கிடப்பர். அருகில் ஒரு கணப்புச் சட்டி இருக்கும். அங்கீட்டி என்று வட நாட்டார் கூறும் கரியடுப்பு அது. 2024 ஜனவரியில் தில்லியின் வடபுறத்து அலிப்பூர்ப் பகுதியில் பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இவ்வாறே மாண்டனர். குளிர் அவர்களைக் கொல்லவில்லை. குளிருக்கு அஞ்சி மூட்டிய நெருப்பே கொன்றது.

இதன் காரணத்தை நாம் வகுப்பறையில் பல்லாண்டு சொல்லிவந்திருக்கிறோம். கரி எரிவதற்குப் போதிய பிராணவாயு கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு இதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். விழித்திருப்பவனாவது வெளியே ஓடிவரக்கூடும். உறங்குபவனுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. அறைக்குள் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டால் தீங்கில்லை என்று பலர் நம்புகின்றனர். இது வீண் நம்பிக்கை. அவ்வாயு நீரில் கரைவது மிக மிகக் குறைவு. தழல் தணிந்து கரி கனலும் நேரத்தில், புகை இல்லையே என்று கதவைச் சாத்துகிறார்களே, அந்நேரமே ஆபத்தானது. கணப்பை வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டு உறங்கச் செல்ல வேண்டும் என்பதே விதி. எளிய விதிதான்; ஆனால் ஒரே அறையில் ஒரு கம்பளிக்குள் நால்வராக முடங்கியிருப்போரிடம் அதைச் சொல்லிவிட்டு நாம் வந்துவிட முடியுமா என்பதே கேள்வி.

ஒரு செல்வர் இரக்கங்கொண்டு குடிசைப் பகுதியில் ஒரு மூட்டை மரக்கரி வழங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றவர் கதவடைத்து மூட்டினார், விடியவில்லை. கொடுத்தவருக்கு இதில் பங்கு உண்டா? "அவர் நல்லெண்ணத்தோடு கொடுத்தார், பின்பு நடந்தது அவரவர் வினைப்பயன்" என்று நம்மில் பலர் எளிதாகக் கூறிவிடுவர். வினைக் கொள்கையை இவ்வளவு சௌகரியமாகப் பயன்படுத்துவது நமக்கு உடன்பாடன்று. மற்றவருடைய வினை மற்றவருக்கு. நம்முடைய வினை யாது என்பதே நாம் ஆராய வேண்டியது. அதே சூத்திர நூல் இம்சையை வரையறுக்கும்போது உயிர் போவதை மட்டும் சொல்லவில்லை. பிரமாதத்தோடு, அதாவது கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிருக்குக் கேடு விளைவதைச் சொல்கிறது. நிலம் நோக்கி விழிப்போடு நடப்பவன் காலடியில் ஒரு சிற்றுயிர் தற்செயலாய் இறந்தால் அவனைக் கொலைப்பாவம் பற்றுவதில்லை. விழிப்பின்றி நடப்பவனை, எவ்வுயிரும் இறவாவிடினும் அது பற்றும். இந்த நுட்பத்தை அறிந்த நாம், கரி மூட்டை கொடுத்தவரின் நிலையையும் இதே துலாக்கோலில் வைத்துப் பார்க்க வேண்டும். "இதை எங்கே மூட்டுவீர்கள்? அறைக்குச் சன்னல் உண்டா?" என்று அவர் கேட்டாரா? கேளாமல் கொடுத்தாரெனில், அக்குடும்பம் நலமாக விழித்தெழுந்த நாளிலும் அவர் தானத்தில் ஒரு குறை இருந்தது. கேட்டும், சொல்லியும், இயன்றால் காட்டியும் கொடுத்தாரெனில், அக்கேள்வியே அவர் தானத்தின் விதி.

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். ஈகையில்லாத விதி எத்தகையது?

தில்லியில் குளிர்காலக் காற்று நச்சுக் காற்றாகிவிட்டமையால் திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்குத் தடை உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் அதற்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையிட்டது. தடை நியாயமானதே, எரியும் பிளாஸ்டிக்கின் புகை குழந்தையின் நுரையீரலை ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. தீயில் விழும் பூச்சிகளையும், தீயுடல் கொண்ட ஓரறிவுயிரையும் எண்ணும் நமக்கு அத்தடை மேலும் உவப்பானது. ஆனால் அடுக்ககக் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி எதனால் சருகையும் அட்டையையும் குவித்து மூட்டுகிறான்? விளையாட்டுக்காகவா? மேல்மாடியில் மின்கணப்பின் அருகிலிருந்து புகாரளிப்பவர் காப்பதும் விதியே, கீழே விரல் மரத்து நிற்பவன் மீறுவதும் விதியே. அவன் காப்பது அவருடைய உறக்கத்தை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி பெறும் பெண்களுக்கு நாம் ஒன்றை வலியுறுத்துவதுண்டு. "செய்யாதே" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், "இதைச் செய்" என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். ஓடாதே என்றால் போதாது. மெல்ல நட என்க. இல்லையேல் அப்பிள்ளை கண்மறைவில் ஓடும். பாடக்குறிப்பேட்டில் வெறும் தடைகளாக எழுதிவரும் பெண்களை மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். (சிலர் அதற்காக நம்மீது வருத்தங்கொண்டதும் உண்டு.)

தில்லியின் காற்று மாசைத் தடுப்பதற்கான படிநிலைச் செயல் திட்டத்தில் இவ்விரண்டாம் வாக்கியம் இருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். 2017-இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட அத்திட்டத்தில், காற்றின் தரம் ஒரு நிலைக்குக் கீழே சென்றால், குடியிருப்போர் நலச் சங்கங்கள் தம் காவலாளிகளுக்கும் துப்புரவு, தோட்டப் பணியாளர்களுக்கும் மின்கணப்பு கட்டாயம் வழங்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. நெருப்பை விலக்குபவரே வெப்பத்தைத் தர வேண்டும். இதைத் தானம் என்பதா, கடமை என்பதா? கட்டாயத்தால் கொடுப்பது தானமாகாது, தன்பொருளை மனமுவந்து விடுத்தலே தானம் என்று இலக்கணம் அறிந்தவர் கூறுவர். உண்மைதான். சட்டத்துக்கு அஞ்சி வாங்கி வைப்பவர் கடமை செய்தவர். சட்டம் அந்நிலைக்கு வருமுன்னரே, முதற்குளிரிலேயே, வாங்கி வைப்பவரைத் தானம் செய்தவர் என்போம். காவலாளிக்கோ இரண்டிலும் வெப்பம் ஒன்றே. அவன் நிலையிலிருந்து பார்த்தால் இந்த ஆராய்ச்சி அவ்வளவு அவசரமானதன்று.

விதியை மட்டும் கையிற்கொண்டு ஈகையைக் கைவிட்ட நிகழ்ச்சி ஒன்றையும் தில்லி கண்டிருக்கிறது. 2009 டிசம்பரில், கடுங்குளிர் நாளில், பூசா சாலையருகே இருந்த இரவுத் தங்குமிடம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. அங்கிருந்தோர் தெருவுக்கு வந்தனர்; உயிரிழப்பும் நேர்ந்ததாகச் செய்தி வந்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடமேனும் வேண்டும் என்னும் அளவு அதன்பின் வலுப்பெற்றது. மத்திய அரசின் திட்டம் அதை நூறு பேருக்கு இடமுள்ளதாக, ஒருவருக்கு 50 சதுர அடி உடையதாக, ஆண்டு முழுதும் திறந்திருப்பதாக வகுத்தது. நூறு பேர் என்ற எண்ணும், 50 சதுர அடி என்ற அளவும் வறட்டு விதிகளாகத் தோன்றும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைப் பயின்றவர்க்கு அவ்வாறு தோன்றாது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நாம் வழக்கமாக எண்ணும் நான்கிற்கு மாறாக, அவர் ஆகாரம், ஔடதம், உபகரணம், ஆவாசம் என்று நான்கை எண்ணுகிறார். ஆவாசம் என்பது உறைவிடம். அவர் கருதியது முனிவர்க்குச் செய்யும் பணிவிடையை. எனினும் தங்குவதற்கு இடமளித்தல் தானத்தின் உறுப்பாக நம் நூலில் என்றோ இடம்பெற்றுவிட்டது.

தங்குமிடம் திறந்திருந்தும் பலர் ஏன் செல்வதில்லை என்று கேட்பார் உளர். சோம்பல் என்றும் பழக்கதோஷம் என்றும் முடிவு கட்டுவது எளிது. சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவன் தன் வண்டியைத் தெருவில் விட்டு உள்ளே உறங்குவதெப்படி? விடிந்தபின் வண்டி இல்லையெனில் அன்றைய உணவும் இல்லை. கணவன் ஓரிடம், மனைவி மக்கள் ஓரிடம் என்றால் குடும்பத்தார் தயங்குவர். ஆகவே உறைவிடம் அளிப்போர் வண்டிக்கும் ஒரு சங்கிலி, ஒரு காவல் அளித்தாலன்றி அது நிறைவுறாது.

நள்ளிரவில் மகிழுந்தில் வந்து, உறங்குபவர் மீது போர்வையைப் போர்த்திவிட்டு அகல்வது பெருநகரங்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. நெஞ்சை உருக்கும் காட்சிதான். ஒருவரையும் எழுப்பாமல், பெயர் கூறாமல் கொடுப்பதில் ஓர் அழகும் இருக்கிறது. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் திரவியத்தைப் பற்றிச் சிந்தித்தவர் எத்தனை பேர்? வெறுந்தரையில் படுப்பவனின் உடற்சூட்டை முதலில் உறிஞ்சுவது அடியிலுள்ள தரை. மேலே இரண்டு போர்வை கொடுப்பதைவிட, கீழே ஒரு தடித்த விரிப்பும் மேலே ஒன்றும் கொடுப்பது நன்று. ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வை வீட்டுக்குள் மிக இதமானது. மூடுபனியில் நனைந்தாலோ பகல் முழுதும் காய வைத்தாலும் ஈரம் போகாது. ஆதலின் மேலே விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். சங்கராந்தியை ஒட்டிக் கொடுப்பதைவிடக் கார்த்திகையிலேயே கொடுப்பது மேல். குளிர் நம் பண்டிகைக்காகக் காத்திருப்பதில்லை. சாலை நடுத்திட்டில் உறங்குபவனுக்குப் போர்வை கொடுத்தபின், மூடுபனியில் வழிதவறும் சரக்குந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, தங்குமிடம் இருக்கும் திசையைக் காட்டி, வரச் சம்மதித்தால் அதே மகிழுந்தில் ஏற்றிச் செல்வதற்கு எவ்வளவு நேரமாகும்?

செங்கோட்டையின் எதிரே உள்ள நம் லால் மந்திரில் பறவை மருத்துவமனை ஒன்று இருப்பதை யாத்திரை சென்றோர் அறிவர். சிறகொடிந்த புறாவுக்கு அங்கே கூண்டு உண்டு, மருந்து உண்டு. ஊனுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. வந்தபோது மருந்திட்டு அனுப்புகின்றனர். ஒன்றால் மற்றொன்றுக்குத் தீங்கு நேராதிருக்க வகுத்த ஒழுங்கு அது. இரக்கத்தை இவ்வளவு நுணுக்கமான விதியாக்கத் தெரிந்த சமூகம் நம்முடையது. அந்த ஆலயத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகளிலும் குளிர்கால இரவுகளில் மனிதர் உறங்குகின்றனர்.

தில்லியில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள் பலர் இன்று தத்தம் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பேற்றிருக்கின்றனர். வாயிற்காவலருக்கு மின்கணப்பு வாங்கியாயிற்றா என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள். வாங்கியாயிற்று என்று பதில் வந்தால், இரவு முழுதும் அது எரிவதற்கான மின்கட்டணத்தைச் சங்கம் ஏற்கிறதா, அல்லது பத்து மணிக்குமேல் அணைத்துவிடும்படி காவலரிடம் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.