துர்க்கந்தம் தேடி வரும் ரஸிகர்

புதுச்சேரி முதலியார்பேட்டையின் மொட்டைமாடித் தொட்டியொன்றில் கள்ளிமுளையான் பூத்திருக்க, அழுகிய மாமிசத்தை ஒத்த அதன் துர்க்கந்தத்தை நாடிக் கருஞ்சிவப்பு இதழில் வந்தமரும் ஈயை அதன் இயற்கையளவிலேயே படமெடுக்க முனைபவர், லென்ஸ் முன்னே நீள நீள உள்ளே விழும் வெளிச்சம் கால்பங்காகக் குன்றுவதையும், துவாரத்தை எப்/8-இல் வைத்தாலும் துலக்கம் சுமார் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கே நிற்பதையும் அனுசரித்தே ஆகவேண்டும். கண்ணைத் துலக்கினால் கால் மங்கும். கண்ணே பிரதானம் என்பது சம்பிரதாயம். எனக்கோ, தேனுக்கு நீட்டிய உறிஞ்சுகுழலில் மெழுகு போன்ற மகரந்தப் பொதி கவ்விக்கொள்ள, அதை அடுத்த புஷ்பத்துக்குச் சுமந்து செல்லும் அவ்வாயே விசேஷம். (1826-இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்கா இவ்வூரிலேயே இருந்தும், நம்மவர் காமிராக்கள் ரோஜாவை விட்டு நகர்வதில்லை!) கடற்காற்று எழுந்து தண்டை அசைக்குமுன், முற்பகலிலேயே காரியத்தை முடித்துக்கொள்வது உசிதம்.