வழிமரபும் உரிமையும்: பாப்பரசர் அதிகாரத்தின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

அதிகாரம் ஒன்றின் உரிமை அதன் தோற்றத்திலே தங்கியுள்ளதா, அன்றி அது செயற்படும் முறையிலே தங்கியுள்ளதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கிறிஸ்தவ உலகில் இவ்வினா உரோமைப் பாப்பரசரின் அதிகாரத்தை முன்னிட்டு நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. கத்தோலிக்கரின் கோட்பாடு தெளிவானது. இயேசு பேதுருவைத் திருச்சபையின் பாறையாக்கினார். பேதுருவின் பொறுப்பு உரோமை ஆயர்களிடம் வழிவழியாக வந்தது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் இதனை விசுவாசக் கோட்பாடாகவே பிரகடனஞ் செய்தது.

ஆதிச் சான்றுகளோ இத்துணைத் தெளிவானவை அல்ல. ஏறக்குறைய கி.பி. 96இல் உரோமையிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட நிருபம், அங்கு பதவி நீக்கப்பட்ட மூப்பர்களுக்காகப் பரிந்து பேசுகின்றது. எனினும் அது சபையின் பெயரால் எழுதப்பட்டதேயன்றித் தனியோர் ஆயரின் பெயரால் அன்று. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியச் சபைகளை ஆயருக்குக் கீழ்ப்படியுமாறு வற்புறுத்திய அந்தியோக்கியா இஞ்ஞாசியார், உரோமையருக்கு எழுதிய மடலில் அந்நகரின் ஆயர் எவரையும் குறிப்பிடவில்லை. கி.பி. 180 அளவில் இரேனியூஸ் தரும் பட்டியலிலேயே லீனஸ் முதலான வரிசை ஒழுங்குற அமைகின்றது. ஆகவே, தனி ஆயர் ஆட்சி உரோமையில் படிப்படியாகவே உருப்பெற்றது என ஆய்வாளர் பலர் கருதுவர்.

ஆயினும் இரேனியூஸ் பட்டியலிட்டதன் நோக்கம் கவனிக்கத்தக்கது. மறைபொருளான போதனை தம்மிடமே உண்டென்றோருக்கு எதிராக, அப்போஸ்தலரின் போதனை யாவரும் அறியக் கையளிக்கப்பட்டது என நிறுவவே அவர் அதனை எழுதினார். அங்கே வழிமரபு போதனைக்குக் காவலாக நின்றது. பின்னர் உரோமை ஆயர் ஸ்தேவான் பேதுருவின் வழிவந்தவர் என்பதையே தம் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டியபோது, கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியன் இணங்கவில்லை. பேதுருவின் இருக்கையைப் பெரிதும் மதித்த அவரே, 256இல் 87 ஆயர்களைக் கூட்டி, ஞானஸ்நானம் பற்றிய ஸ்தேவானின் கருத்தை மறுத்தார். இருக்கையை மதித்தல் ஒன்று; அதில் அமர்ந்தவரின் ஆணைக்கெல்லாம் பணிதல் வேறொன்று.

வழிமரபின் இவ்விரு முகங்களையும் காண உரோமைக்குச் செல்லவேண்டியதில்லை. பேராதனைக்கு அண்மையிலுள்ள மல்வத்தை விகாரையின் வரலாறே போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்தது. நாயக்கர் குலத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னனின் ஆதரவில், சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் 1753இல் அதனை மீண்டும் நிலைநாட்டினார். அச்சியாமிய மரபோ முன்னொருகால் இலங்கையிலிருந்து சென்றதாகும். இவ்வாறு இரவலாய்ப் பெற்ற பேறு, விரைவிலேயே கொவிகம சாதியினருக்கு மட்டுமே உரியதெனக் கட்டுப்படுத்தப்பட்டது. மறுக்கப்பட்டோருள் ஒருவரான அம்பகஹப்பிட்டிய ஞானவிமல தேரர் பர்மாவின் அமரபுரத்தில் உபசம்பதா பெற்று 1803இல் திரும்பினார். அமரபுர நிகாயம் அவ்வாறு தோன்றியது.

தோற்றம் ஐயத்துக்குரியதாயின் அதிகாரமே பொய்யெனல் அவசர முடிபாகும். மனித நிறுவனங்களுள் மாசற்ற பிறப்புச் சான்று உடையவை மிகச் சில. தோற்றம் உறுதிப்பட்டால் ஆணைகள் யாவும் நியாயமாகிவிடும் எனலும் அதற்கு நிகரான தவறே. வழிமரபு என்பதன் பொருளே பிறரிடமிருந்து பெற்றது என்பதாகும். பெற்ற பொருள் அடைக்கலப் பொருள். அதனைக் காப்பவன் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். எனவே, ஒருவர் தம் அதிகாரத்துக்கு வழிமரபைச் சான்றாகக் காட்டுந்தோறும், அவர் கோருவது கேள்விக்கு அப்பாற்பட்ட உரிமையன்று; தாம் பெற்றதைப் பிறருக்கு மறுக்காது கையளித்தாரா என்ற கேள்விக்கே அவர் தம்மை உட்படுத்துகின்றார்.