வீடு எந்தப் பக்கம்?

உங்களுக்கு எண்ணூர் பக்கம் மாற்றல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வருகிறீர்கள். வீடு எங்கே பார்ப்பீர்கள்?

ராயபுரத்தில் பார்க்கலாம். பழைய டவுன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, காசிமேட்டு மீன் என்று எல்லாம் உண்டு. ஆனால் சந்து குறுகல், வீடு சின்னது. திருவொற்றியூர் என்றால் அதே வாடகைக்குக் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கலாம். 2021-லிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. "ஆனா கன்டெய்னர் லாரியும் தூசியும் ஜாஸ்தி சார்" என்பார் புரோக்கர். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வேலை இங்கே இருந்தால் இருக்கட்டும், குடித்தனம் அண்ணா நகரிலோ தாம்பரத்திலோ என்று தினமும் வந்து போவது. கையில் காசு இருந்தால் மனசு மூன்றாவது பக்கம்தான் சாயும்.

இந்தப் பக்கம் இடம் தேடி வந்தவர்களில் பட்டினத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது. கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகச் சுற்றினாராம். அது எங்கே இனிக்கிறதோ அதுதான் அவருக்கு இடம். திருவொற்றியூரில் இனித்தது. கடற்கரையை ஒட்டி அவர் சமாதி இன்றும் இருக்கிறது. அவர் ஒண்டிக்கட்டை, ருசி பார்த்து முடிவு செய்யலாம். நமக்கு அப்பா அம்மா, பிள்ளைகுட்டி. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குத்தான் போட வேண்டும். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, ஸ்கூல் எத்தனை தூரம், கடைசியாக... சிட்டியா, அவுட்டரா?

அந்தக் கடைசிக் கேள்வியில் அவ்வளவு சரக்கு இல்லை. 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. எண்ணூர் இருந்தது கத்திவாக்கம் நகராட்சியில். அந்த வருஷம் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இரண்டும் சிட்டியாகிவிட்டன. நேற்று வரை புறநகர், விடிந்தால் நகரம்! புகைபோக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. கோடுதான் நகர்ந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ் வகுப்பில் முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீரும். வீடு தேடும்போது நாம் போடுவதோ ஒற்றைப் பதிவு. நம் பக்கம் மட்டும் எழுதி மூடி வைத்துவிடுகிறோம்.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். மணல் அங்கே தடைபட்டு நின்றது. தெற்கே சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அதில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்றும் அங்கே பல இடங்களில் கரை என்றால் கொட்டி வைத்த பாறாங்கல்தான். நாம் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவது வரவு. அதன் பற்று ராயபுரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கரண்ட்டும் அப்படித்தான். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. 1994-லிருந்து வடசென்னை அனல் மின் நிலையம். ஃபேன் ஊர் பூராவும் சுற்றியது, சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அதே கழிமுகத்துக்கு வந்தது. அந்த மாதம் 26-ம் தேதி இரவு, ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதனால் எல்லோரும் எண்ணூரில் போய்க் குடியேறிப் பிராயச்சித்தம் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. வீசிங் வருகிற குழந்தையை வைத்துக்கொண்டு நல்ல காற்று தேடிப் போவது பாவம் என்றால், உலகத்தில் எந்தத் தகப்பனும் புண்ணியவான் கிடையாது. போகலாம். தாராளமாகப் போகலாம்.

ஆனால் போகும்போது கூடவே இன்னொன்றும் போய்விடுகிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு புத்தகத்தில் நைஜீரியா ரயில்வேயைப் பற்றி எழுதினார். ரயில் மோசமாக ஓடியது. போட்டிக்கு லாரிகள் இருந்தன. அப்படியானால் ரயில்வே பயந்து திருந்தியிருக்க வேண்டுமே? திருந்தவில்லை. காரணம், சத்தம் போடக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

ஊருக்கும் இதே கதைதான். மனு எழுதத் தெரிந்தவர், வக்கீலைத் தெரிந்தவர், பத்திரிகையில் ஆள் வைத்திருப்பவர் எல்லோரும் ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்கிறார்கள். மீனவரால் முடியுமா? அவருக்குக் கடல்தான் ஆபீஸ். தாம்பரத்துக்குக் குடிபோய்விட்டு அங்கிருந்து வலை வீச முடியாது. அவர் இருக்கிறார், அவருக்காகப் பேசக்கூடியவர் பக்கத்து வீட்டில் இல்லை. நாம் காலி செய்தது ஒரு போர்ஷன். ஊருக்குப் போனது ஒரு குரல்.

வீட்டை மாற்றுவது நம் உரிமை. குரலையும் மூட்டை கட்டிக்கொண்டு போவதுதான் சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. போன கையோடு "அந்த ஏரியாவா? மனுஷன் இருப்பானா அங்க?" என்று கேட்பது அதைவிட மோசம். மனுஷன் இருக்கிறான் சார். உங்கள் சம்பளமே அங்கிருந்துதான் வருகிறது.

பெரிய ஆலையோ மின் நிலையமோ புதிதாக வந்தால், 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெரும்பாலானவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் நேரில் பேசலாம். சம்பந்தமுள்ள மற்றவர்கள் எழுத்து மூலமாகக் கருத்து அனுப்பலாம். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு எங்கேயோ தூங்குகிறவர் சம்பந்தமில்லாதவரா? அந்தக் கரண்ட்டில் லைட் போடுகிறவர்?

ராயபுரமோ, திருவொற்றியூரோ, தாம்பரமோ... உங்களுக்குத் தோதான வீட்டைப் பிடியுங்கள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். சாமான் எல்லாம் எடுத்து வைத்து முடித்த பிறகு, அந்தக் கடிதத்துக்கு ஒரு கவரும் தபால்தலையும் வாங்கி வையுங்கள்.